கேஸ் அடுப்பு வாங்கப் போகிறீர்களா? கொடிகாமத்துக் குசினியும் எங்கள் லயத்துக் குசினியும்



இந்த முறை அடுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். அடுப்பில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். ஒரு வீட்டில் விடியக் காலமை முதலில் எரிவதும் இரவில் கடைசியாக அணைவதும் அதுதான். அதற்காக ஒரு குடும்பம் நாலைந்து மாதம் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசைக் கொண்டு போய்க் கடையில் வைக்கும்போது, எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேணும்.

ஹற்றன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுக்கும் தாய் ஒருவர் கேட்ட கேள்விதான் இதற்குக் காரணம். அவருடைய மகள் கலியாணம் கட்டிப் போன ஊர் யாழ்ப்பாணத்துக் கொடிகாமம். மருமகனின் தமையன் கனடாவில் இருக்கிறார். அங்கே தன் வீட்டைத் திருத்துவதால், நாலு பேர்னரும் கீழே கேக் சுடும் அவனும் உள்ள பெரிய அடுப்பைக் கப்பலில் அனுப்பி வைக்கிறேன் என்கிறாராம். மகளுக்கு ஆசை. மருமகனோ இங்கேயே ரெண்டு பேர்னர் அடுப்பு ஒன்றை வாங்கினால் போதும் என்கிறார். "அதோட எனக்கும் ஒண்ணு வாங்கணுமுங்க. அவங்களுக்குச் சரிவாற அடுப்பு நம்ம மலைக்கும் சரிவருமா?" என்பது தாயின் கேள்வி. நல்ல கேள்வி. ஒரே அடுப்பு ரெண்டு ஊரிலும் ஒரே மாதிரி எரியாது.

கொடிகாமத்தை அறியாதவர்களுக்கு ஒரு சொல். ஏ-9 வீதியில் சாவகச்சேரி தாண்டி, மிருசுவிலுக்கு முன்னே வரும் தென்மராட்சிச் சந்தை ஊர் அது. பருத்தித்துறைக்குப் போகும் வீதி அங்கேதான் பிரிகிறது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரைக்கும் மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியதால் மலையகத்தில் இருந்து போய் வருவது முன்னையை விடச் சுலபம். தென்னையும் பனையும் மாவும் பலாவும் நிறைந்த மண். அந்த ஊர்க் குசினிக்கு விறகு வெளியில் இருந்து வரத் தேவையில்லை. பனை மட்டை, ஊமல், காவோலை, தென்னம்பாளை, பொச்சு, சிரட்டை எல்லாம் வளவுக்குள்ளேயே விழும்.

அது அவர்களைக் காப்பாற்றியும் இருக்கிறது. 1990 முதல் பல வருடம் குடாநாட்டுக்கு எரிபொருள் போவதற்குக் கடும் தடை இருந்தது. மண்ணெண்ணெய் கிடைப்பதே அருமை. மின்சாரமும் இல்லை. ஜாம் போத்தலில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, மெல்லிய திரி போட்டுப் பிள்ளைகள் படித்த காலம் அது. அப்போது கேஸ் அடுப்பு பற்றி யார் நினைப்பார்கள்? 2002 ஏப்ரலில் ஏ-9 திறந்த பிறகு லொறிகள் முகமாலையைத் தாண்டி வந்தன. 2006 ஆகஸ்டில் பாதை மறுபடி மூடியது. யுத்தம் 2009இல் முடிந்த பிறகுதான் சிலிண்டர் சாமான் நிரந்தரமாகக் கடைக்கு வரத் தொடங்கியது. ஆகவே அந்த ஊருக்கும் எங்களுக்கும் கேஸ் ஏறக்குறைய ஒரே அளவு புதுசு. கொழும்பு வீடுகளைப் போலப் பழகிய கை ரெண்டு பேருக்கும் இல்லை.

சிலிண்டருக்குள் இருப்பது என்ன?

அடுப்பைத் தெரிவு செய்ய முன்னர் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். சிலிண்டருக்குள் இருப்பது ஒரு வாயு அல்ல, ரெண்டு. புரோப்பேன், பியூட்டேன் என்று பெயர். அமுக்கி வைத்திருப்பதால் உள்ளே தண்ணீர் மாதிரி திரவமாகக் கிடக்கும். மேலே ஆவியாகி எழும்புவது மட்டுமே குழாய் வழியாக அடுப்புக்கு வரும். புரோப்பேன் கடும் குளிரிலும் ஆவியாகும். பியூட்டேன் அப்படி இல்லை. சூடு பூச்சியத்துக்குக் கிட்டப் போனால் அது சோம்பிப் படுத்துவிடும்.

கொடிகாமத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. வருடம் முழுக்க வெக்கை. ஆனால் நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர் உயரம். தை, மாசியில் புல்லில் உறைபனி விழும் இடம். அங்கே விடிய நாலரைக்கு எழும்பிக் கேஸைப் பற்ற வைத்தால் நெருப்பு மெலிந்து எரியும். சிலிண்டர் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் இன்னும் மெலியும். "கடைக்காரர் குறைத்துப் போட்டுவிட்டார்" என்று சண்டைக்குப் போகிறார்கள். பல நேரம் குளிர்தான் குற்றவாளி. இப்படிப்பட்ட நேரத்தில் சிலிண்டரை விறகடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்துவது, மேலே கொதி தண்ணி ஊற்றுவது போன்ற வேலைகள் வேண்டவே வேண்டாம். பேர்னரைக் குறைத்து, ஒரு பாத்திரமாக வைத்துச் சமைத்தால் போதும்.

உயரத்தால் இன்னொரு சங்கதியும் உண்டு. கொடிகாமத்தில் தண்ணி 100 பாகையில் கொதிக்கும். நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். கொதி வந்துவிட்டதே என்று பார்த்தால் பருப்பு வெந்திருக்காது. நெருப்பைக் கூட்டினாலும் தண்ணியின் சூடு கூடாது, கேஸ்தான் வீணாகும். ஆகவே மலையில் உள்ளவர்களுக்கு எங்கள் அபிப்பிராயம்: விலை கூடிய அடுப்புக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கை எடுத்து நல்ல பிரஷர் குக்கர் ஒன்று வாங்குங்கள். பருப்பு, கடலை, இறைச்சி எல்லாவற்றிலும் அது கேஸை மிச்சம் பிடிக்கும்.

2021இன் கடைசியில் நாடு முழுக்க அடுப்புகள் வெடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சம்பவங்கள் நூற்றுக்கணக்கில் பதிவாகின. சனாதிபதி நியமித்த குழு ஆராய்ந்து, சிலிண்டரில் உள்ள ரெண்டு வாயுக்களின் கலவை மாறியதே பிரதான காரணம் என்றது. புரோப்பேனின் பங்கு கூடியிருந்தது. எங்கள் நாட்டுச் சூட்டில் புரோப்பேனின் அமுக்கம் பியூட்டேனைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு. அந்த அமுக்கத்தை முதலில் தாங்க வேண்டியவை ரெகுலேட்டரும் வால்வும் பூட்டுகளும். பழசாகித் தளர்ந்த இடத்தால் கேஸ் கசியும். இதில் எங்களுக்கான பாடம் என்னவென்றால், அடுப்பின் மேற்தகடு மினுங்குவதைப் பார்த்துக் காசு கொடுத்துவிட்டு, ரெகுலேட்டரையும் குழாயையும் மலிந்ததில் வாங்குவது தலைகீழான வேலை.

கனடா அடுப்பு வரட்டுமா, வேண்டாமா?

இப்போது மகளின் ஆசைக்கு வருவோம். அந்தப் பெரிய அடுப்பு பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போய் வந்த எங்கள் பிள்ளைகள் பலருக்கும் அது பழக்கமான சாமான். ஆனால் கனடாவில் பெரும்பாலான வீடுகளுக்குக் கேஸ் வருவது நிலத்தடிக் குழாய் மூலம். அது இயற்கை வாயு, வேறு சாதி. எங்கள் சிலிண்டர் வாயுவில் ஒரே அளவுக்குள் ரெண்டரை மடங்கு சூடு அடங்கியிருக்கிறது. அதனால் எங்கள் அடுப்பின் ஜெட் துவாரம் சிறியது, அவர்களுடையது பெரியது. அந்தப் பெரிய துவாரத்தால் எங்கள் கேஸை விட்டால் நெருப்பு மஞ்சளாக உயர்ந்து எரியும், பாத்திரம் கரி பிடிக்கும், விசவாயு உண்டாகும். ஜெட்டுகளையும் பின்னால் இருக்கும் அமுக்கச் சீராக்கியையும் மாற்ற வேணும். அந்த மொடலுக்கே உரிய மாற்றுச் சாமான் கனடாவில் கிடைக்கும். கொடிகாமத்தில் தேடினால் கிடைக்காது. ஊசியால் குத்தி, ஈயத்தால் அடைத்து ஜெட்டைச் சரி செய்வேன் என்று சொல்லும் பாஸ்மாரை நம்ப வேண்டாம்.

அத்தோடு முடியவில்லை. கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், எங்களுக்கு 230. அந்த அடுப்பைப் பற்ற வைப்பதும் அவனைக் கட்டுப்படுத்துவதும் அந்த 120 வோல்ட் மின்சாரம்தான். நேராகச் சொருகினால் கருகிவிடும். தனியாக ஒரு டிரான்ஸ்போமர் வேணும். கப்பல் கூலி, சுங்கம், மாற்றுச் சாமான், டிரான்ஸ்போமர் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் "சும்மா வந்த" அடுப்பு சும்மா வந்ததாக இருக்காது. தமையன் மனம் நோகாமல் மறுத்துவிட்டு, கப்பல் கூலிக்கான காசை அனுப்பச் சொல்வதுதான் புத்தி. சொந்தக்காரருக்கு இதைச் சொல்லும் விதம் அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.

இங்கேயே விற்கும் அவன் அடுப்பு வாங்கலாமா என்றால், ஒரு கணக்குப் பாருங்கள். சாதாரண வீட்டு அடுப்பின் பெரிய பேர்னர் முழு வேகத்தில் ஒரு மணித்தியாலம் எரிந்தால் 200 கிராம் அளவில் கேஸ் போகும். சின்ன பேர்னர் என்றால் 120 கிராம் மட்டில். பெரிய பேர்னரை நாளுக்கு ரெண்டு மணித்தியாலம் எரிக்கும் வீட்டில் 12.5 கிலோ சிலிண்டர் ஒரு மாதம் வரும். பெரிய அவன் ஒன்று முழு வேகத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு 400 கிராம் வரை குடிக்கும். பிறந்தநாளுக்கும் நத்தாருக்கும் மட்டும் கேக் சுடுகிற வீட்டுக்கு அவன் தேவையில்லை. மிச்ச நாளெல்லாம் அது சட்டி பானை அடுக்கும் அலுமாரி. கேக் ஓடர் எடுத்துச் சம்பாதிக்கிற பெண் என்றால் கதை வேறு. அவளுக்கு அது முதல்.

கொடிகாமத்துச் சமையல் பெரும்பாலும் நீராவியில்தான். நீத்துப்பெட்டியில் புட்டு, இடியப்பம், மண்சட்டியில் மீன் குழம்பு, ஆட்கள் கூடினால் பெரிய பானையில் ஒடியல் கூழ். இதற்குத் தேவை, ஒரு பலமான பெரிய பேர்னரும் ஒரு சின்ன பேர்னரும், ஆடாமல் பானையைத் தாங்கும் சட்டமும். கூழுக்கு வெளியில் வைக்கும் மூன்று கல்லே போதும்.

தெரிவு செய்யும்போது

மேற்தகடு கண்ணாடியா, துருப்பிடிக்காத உருக்கா என்று கேட்பார்கள். கண்ணாடி துடைக்கச் சுகம், அழகும் கூட. ஆனால் அடி அகன்ற பாத்திரத்தை வைத்து நீண்ட நேரம் எரித்தால் சூடு கீழே திரும்பி அடிக்கும். பாரமான பானை கை தவறி விழுந்தாலும், சூட்டில் பச்சைத் தண்ணி பட்டாலும் வெடிக்க இடமுண்டு. எங்கள் ரொட்டிக் கல்லையும் பெரிய கேத்தலையும் நினைத்துப் பார்த்து, உருக்குத் தகட்டுக்கே நாம் வாக்களிக்கிறோம். பேர்னர் மூடி பித்தளையில் இருந்தால் நல்லது. மெல்லிய அலுமினிய மூடி சூட்டில் வளைந்து, நெருப்பு ஒரு பக்கமாக எரியத் தொடங்கும்.

கடைக்குப் போகும்போது வீட்டில் உள்ள ஆகப் பெரிய சோத்துப் பானையின் அடியை ஒரு கயிற்றால் அளந்து கொண்டு போங்கள். ரெண்டு பேர்னரிலும் ஒரே நேரத்தில் பானையும் சட்டியும் இடிக்காமல் நிற்குமா என்று அந்தக் கயிற்றை வைத்துப் பார்க்கலாம். மூன்று பேர்னர் அடுப்பு என்று வாங்கிவிட்டு, இடம் காணாமல் ரெண்டில் மட்டும் சமைக்கிற வீடுகள் எத்தனை!

நெருப்பு அணைந்தால் கேஸைத் தானாக நிறுத்தும் கருவி உள்ள அடுப்புகளும் இருக்கின்றன. பேர்னர் பக்கத்தில் ஒரு சின்னக் குச்சி மாதிரித் தெரியும். நெருப்பின் சூடு அந்தக் குச்சியில் படும்வரை மட்டுமே வால்வு திறந்திருக்கும். கஞ்சி பொங்கி அணைத்தாலும், காற்று அணைத்தாலும் சில வினாடியில் கேஸ் நின்றுவிடும். விலை கூட. ஆனாலும் கொடிகாமத்து மகளுக்கு இதைத்தான் முதலில் சொல்வோம். வைகாசி தொடக்கம் அங்கே வீசும் சோளகக் காற்று லேசுப்பட்டதல்ல. அரைச்சுவர் வைத்த குசினியில் நெருப்பை ஊதி அணைத்துவிடும். அணையாவிட்டாலும் சூட்டைப் பக்கத்தால் தள்ளிக்கொண்டு போய்விடும். அடுப்புக்குக் காற்று மறைப்புக் கட்டலாம். சிலிண்டரைச் சுற்றி மறைப்புக் கட்டக் கூடாது.

ரெகுலேட்டர் விசயத்தில் ரெண்டு வார்த்தை. லிட்ரோ, லாஃப்ஸ் என்று எந்தக் கம்பனியின் சிலிண்டர் உங்கள் ஊர்க் கடையில் தவறாமல் கிடைக்கிறது என்று முதலில் விசாரித்து, அதற்குப் பொருந்தும் ரெகுலேட்டரை வாங்குங்கள். கலியாண வீட்டுச் சமையலுக்குப் பாவிக்கும் உயர் அமுக்க ரெகுலேட்டரை வீட்டு அடுப்புக்குப் பூட்டவே கூடாது. எஸ்எல்எஸ் முத்திரை இருக்கிறதா பாருங்கள்.

லயத்துக் குசினியில் வைக்கலாமா?

இது எங்கள் தாய்மாருக்கான பகுதி. புகையின் கெடுதி உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழைக்கு நனைந்த கவ்வாத்து மிலாறு எரியும்போது கண் எரிவதும் நெஞ்சு அடைப்பதும் தெரிந்ததுதான். சமையல் புகை முதலான வீட்டுக் காற்று மாசினால் 2020ஆம் வருடத்தில் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அதில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் 2 லட்சத்து 37 ஆயிரம். இந்தக் கணக்கைப் பார்த்தால் கேஸுக்கு மாறுவது நல்ல காரியம்தான்.

ஆனால் லயத்துக் காம்பிராவை அப்படியே வைத்துக்கொண்டு மாறினால் ஆபத்து இடம் மாறும், அவ்வளவுதான். கேஸ் காற்றை விடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது. தண்ணி மாதிரித் தரையில் பரவிக் கட்டில் கீழும் படியோரமும் தேங்கும். மேலே சின்ன ஜன்னல் திறந்திருந்தாலும் பிரயோசனம் குறைவு. தரையோடு ஒட்டி ஒரு காற்றுத் துவாரம் இருக்க வேணும், அல்லது சிலிண்டர் வெளிக்கதவுப் பக்கமாக நிற்க வேணும். படுக்கிற அறைக்குள் சிலிண்டர் வேண்டாம். குளிருக்காகக் கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு, கேஸ் அடுப்பை எரிய விட்டுக் குளிர் காய்வதும் வேண்டாம். அந்த நெருப்பும் நாம் மூச்சு விடும் காற்றைத்தான் தின்கிறது. நீல நெருப்பு மஞ்சளாக மாறினால் பேர்னரைக் கழற்றிக் கழுவ வேணும்.

எலித் தொல்லையும் எங்கள் லயங்களுக்கே உரியது. குழாயை எலி கடிக்கும். அடுப்புத் தட்டுக்குப் பின்னால் கண்ணுக்கு மறைவாகக் குழாயை விடாமல், தினமும் தெரிகிற மாதிரி விடுங்கள். மாதம் ஒரு தடவை சவர்க்கார நுரையைப் பூட்டுகளிலும் குழாயிலும் பூசிப் பாருங்கள். கொப்புளம் கிளம்பினால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கத்தை யாரும் பிள்ளைகளுக்குக் காட்டிவிடாதீர்கள். மணம் வந்தால் லைட் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடிக் கதவைத் திறந்து எல்லோரும் வெளியே வாருங்கள். பக்கத்துக் காம்பிராக்காரருக்கும் சத்தம் கொடுங்கள். ஒரே கூரைதானே.

இன்னும் ஒரு கணக்கு. மலையில் குளிக்கச் சுடுதண்ணி வைப்போம். 20 லீற்றர் வாளி ஒன்றை 15 பாகையில் இருந்து 40 பாகைக்குச் சூடாக்கினால் 80 கிராமுக்கு மேல் கேஸ் போகும். நாலு பேர் உள்ள வீட்டில் நாளுக்கு நாலு வாளி என்றால், சமையலே செய்யாமல் ஒரு 12.5 கிலோ சிலிண்டர் ஐந்து வாரம் சொச்சத்தில் காலி. ஆகவே சுடுதண்ணிக்கு விறகுதான். விறகடுப்பை இடித்துவிட்டுக் கேஸ் அடுப்பு வைக்க இடம் பண்ணாதீர்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. 2021 ஒக்டோபர் வரை 12.5 கிலோ சிலிண்டர் கொழும்பில் 1,493 ரூபாய். 2022 ஏப்ரல் கடைசியில் 4,860 ரூபாய். 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,000 ரூபாய். அதாவது ஒன்றரை நாள் பேருக்கு வந்த சிலிண்டர், ஏறக்குறைய ஐந்து நாள் பேருக்கு ஏறியது. அந்தக் காசு கொடுத்தாலும் கிடைக்கவில்லை. வரிசையில் வெறும் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி வைத்துவிட்டு இரவு முழுக்கக் காத்திருந்தார்கள். கொடிகாமத்தில் பனை மட்டையும் ஊமலும் திரும்பக் குசினிக்கு வந்தன. எங்கள் பக்கத்தில் மிலாறு. விறகடுப்பை வைத்திருந்த வீட்டில் சோறு பொங்கியது.

அந்த விறகடுப்பும் நல்லதாக இருக்கட்டும். 'அணகி' என்ற மண் அடுப்பு 1980களில் இந்த நாட்டிலேயே உருவானது. ஒரே வாயால் விறகு வைத்து ரெண்டு பாத்திரத்தில் சமைக்கலாம். மூன்று கல் அடுப்பை விட விறகு குறைவாகப் பிடிக்கும். அதற்கு மேலே ஒரு புகைபோக்கியும் கட்டினால் காம்பிராவில் புகை நிற்காது. ஹற்றன் தாய்க்கு எங்கள் பதில் இதுதான்: புகைபோக்கியோடு ஒரு அணகி அடுப்பு, காலைத் தேத்தண்ணிக்கும் பிள்ளைகளின் அவசரச் சாப்பாட்டுக்கும் ஒரு சின்ன ரெண்டு பேர்னர் உருக்கு அடுப்பு, அதோடு ஒரு 5 கிலோ சிலிண்டர். சேர்த்த காசு மிஞ்சினால் பிரஷர் குக்கர். மகளுக்கு, நெருப்பு அணைந்தால் நிறுத்தும் கருவியுள்ள ரெண்டு பேர்னர் அடுப்பு. மருமகன் சொன்னதுதான் சரி என்று நாம் எழுதியதை மகளிடம் காட்டுவதும் காட்டாததும் அம்மாவின் இஷ்டம்.

சிலிண்டரை வாங்கும்போது கடையிலேயே தராசில் வைக்கச் சொல்லுங்கள். வெறும் சிலிண்டரின் பாரம் அதன் கழுத்துப் பக்கத்தில் அடித்திருக்கும். மொத்தப் பாரத்தில் இருந்து அதைக் கழித்தால் உள்ளே இருக்கும் கேஸ். குறைந்தால் அதே இடத்தில் கேளுங்கள். தர மறுத்தால் பில்லை வைத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். புதுக் குழாய் பூட்டிய திகதியைச் சுவர்க் கலண்டரில் குறித்து வையுங்கள். ரெண்டு வருடம் ஆனதும், வெடிப்புத் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.